வாசகர் கேள்வி – பதில்: ஏரிக்கரையில் ஓர் இரவு

கேள்வி: தை மாதத்தில் நண்பர்கள் நாலு பேர் ஊசுட்டேரிக் கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாமா?
– வாசகர், நெல்லித்தோப்பு

ஊசுட்டேரி வேண்டாம். ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-லேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கமும் இப்போது சரணாலயம்தான். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சருகு காய்ந்து கிடக்கும் தை, மாசியில் ஆபத்தில்லாத தீ எது? வலசை வந்த பறவைகள் தங்கியிருக்கும் காலமும் அதுதான். விடியற்காலையில் பைனாகுலரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரவு தங்க, வேறொரு ஏரிக்குப் பக்கத்தில் தெரிந்தவருடைய சவுக்குத் தோப்போ முந்திரித் தோப்போ இருந்தால் அவரிடம் கேளுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நடுராத்திரியில் டார்ச் அடித்து எழுப்ப மாட்டார்கள்.

கேள்வி: மழையே பெய்யவில்லை. ஆனால் காலையில் கூடாரத்தின் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துணி மட்டமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

துணிமேல் குற்றமில்லை. இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஏறத்தாழ அரை லிட்டர் நீர் வெளியேறுகிறது. திறந்த வானத்துக்குக் கீழே கூடாரத் துணி சீக்கிரம் குளிர்ந்துபோகும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகிறது. தண்ணீர் ஓரமாகப் போட்டிருந்தால் இன்னும் மோசம், அங்கே காற்றிலேயே ஈரம் அதிகம்.

கரையிலிருந்து ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி, மேடான இடத்தில், மரத்தடியில் போடுங்கள். மரக்கிளை மறைத்தால் துணி அவ்வளவு குளிராது, பனியும் குறைவாகவே இறங்கும். தென்னைக்கு அடியில் மட்டும் கூடாது. மட்டை ஒன்று விழுந்தால் போதும். எதிரெதிரான இரண்டு ஜன்னல்களின் துணியைச் சுருட்டிவிட்டு வலையை மட்டும் மூடுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள். உள்ளே அடுப்பும் பற்றவைக்காதீர்கள்: ஈரம் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் பனிநீர் அதில் விழுந்து, நேராக உங்கள் முதுகுக்குக் கீழே வந்து தேங்கும்.

கேள்வி: மணலில் முளை நிற்கவே மாட்டேன் என்கிறது. கனமான கல் வைக்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

கல் உருளும், கயிற்றையும் தேய்க்கும். கடையில் கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி செம்மண்ணுக்குச் சரி, மணலுக்கு உதவாது. சின்னச் சாக்குப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, ஒன்றேகால் அடி ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். மேலே கிடக்கும் மணலின் எடை பிடித்துக்கொள்ளும்.

புயல் எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30-இல். வருஷக் கடைசியாயிற்றே, மழைக்காலம் முடிந்திருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கார்த்திகையில் ஏரியின் உள்வாய், உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழுள்ள ஓடை இரண்டிலும் படுக்கக்கூடாது. மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் வந்து சேரும்.

கேள்வி: பாம்பு பயம். சுற்றிலும் உப்பு தூவினால் வராதா?
– வாசகி, பாகூர்

உப்பு வீண். ராத்திரியில் நடமாடும் கட்டுவிரியன் படுக்கைக்குள்ளேயே வரும். கடித்தது பல சமயம் தெரியவே தெரியாது. ஜிப்பை எப்போதும் முழுக்க இழுத்து மூடுங்கள், உள்ளே போகும்போதும்கூட. செருப்பு உள்ளே இருக்கட்டும், போடும்முன் உதறுங்கள். மிச்சச் சோறு எலியைக் கூப்பிடும், எலி பாம்பைக் கூப்பிடும். ஆகவே பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள். விடியற்காலையில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்து, இமை தானாக மூடினால் கடித்த தடம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 108-ஐ அழையுங்கள், நடக்கவிடாமல் படுக்கவைத்து, விஷமுறிவு மருந்து உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். புதுச்சேரிப் பக்கமென்றால் ஜிப்மர்.