மறுமொழி: 1933 கட்டுரைக்குப் பணம் கட்ட வேண்டாம்

டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் குழந்தைகளின் சத்துக்குறைவு நோய் பற்றி 1933-ல் எழுதிய கட்டுரை நர்சிங் ப்ராஜெக்டுக்கு வேண்டும், ஒரு தளம் பணம் கேட்கிறது, கடலூரிலிருந்து ஜிப்மர் நூலகம் வரை போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவும் வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். அது வந்த 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் டிசீஸ் இன் சைல்ட்ஹுட்' 1926-ல் லண்டனில் தொடங்கி இன்றும் வருகிற இதழ். பழைய தொகுதிகளை முதலிலிருந்தே ஸ்கேன் செய்து பப்மெட் சென்ட்ரல் என்ற இணைய மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். 8-ம் தொகுதி, 423-ம் பக்கம்.

யாரோ எழுதிய சுருக்கத்தை வைத்து ஒப்பேற்றிவிடாமல் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், மக்காச்சோள உணவிலேயே வளர்ந்த சின்னப் பிள்ளைகளுக்குக் கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, உயிரே போனதை அந்த டாக்டர் கிட்ட இருந்து பார்த்து எழுதியிருக்கிறார், படிக்கும்போது மனசு கனத்துவிடும். இந்த நோய்க்குக் குவாஷியார்கர் என்ற பெயரை அவர் 1935-ல் 'லான்செட்' மருத்துவ இதழில்தான் கொண்டுவந்தார், ஆண்டை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், புரதக் குறைவு மட்டுமே காரணம் என்று முடிக்க வேண்டாம், இன்றைய ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. எடை, உயரம் ஒப்பிட உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான்.