சொல் பிடிபடாவிட்டால் கிற்றாரைக் கேளுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் இருக்கிற மச்சான் ‘ஸ்லோடைவ்’ என்ற இசைக்குழுவின் ‘சூவ்லாக்கி’ அல்பத்தை அனுப்பி, கட்டாயம் கேள் என்றான். கேட்டேன். கிற்றார் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கிறது, பாடுகிறவர்களின் சொல் ஒன்றும் பிடிபடவில்லை. என் ஹெட்செட் பழுதா, என் இங்கிலிஷ் பழுதா?
– வாசகர், மாங்குளம்

பதில்: இரண்டும் பழுதில்லை தம்பி. அந்த அல்பத்தை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நாங்கள் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டில் குரல் முன்னுக்கு நிற்கும், வாத்தியங்கள் பின்னால் நின்று அதைத் தாங்கும், அதனால் பாட்டு தொடங்கியதும் எங்கள் காது சொல்லைத்தான் தேடிப் போகும். இந்தக் குழுவில் மூன்று பேர் கிற்றார் வாசிக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பாடவும் செய்கிறார்கள், ஆனால் குரலை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளி, கிற்றார்களுக்கு நடுவில் இன்னொரு வாத்தியம் மாதிரி வைத்துவிடுகிறார்கள். சொல்லைத் தேடிப் போனால் களைப்புத்தான் மிச்சம். முதல் தடவை சொல்லை விட்டுவிட்டு, அடியில் தாழ்ந்த சுரம் வாசிக்கிற பேஸ் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு போங்கள், அது உங்களை வழி தவற விடாது.

அந்தக் கரைசல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் கேட்பது இன்னும் சுகமாக இருக்கும். கிற்றாரில் இருந்து வருகிற ஒலி நேரே ஸ்பீக்கருக்குப் போவதில்லை, காலடியில் வரிசையாக இருக்கிற பெடல்களுக்குள்ளால் போகிறது. ஒன்று அதே சுரத்தைக் கொஞ்சம் பிந்தித் திரும்பத் திரும்பச் சொல்லும், அது டிலே. ஒன்று பெரிய மண்டபத்துக்குள் வாசித்தது போல ஒலியை நீட்டிவிடும், அது ரிவேர்ப். இன்னொன்று சுருதியை இம்மியளவு ஆட்டி ஒரு கிற்றாரை இரண்டு போலக் காட்டும், அது கோரஸ். மூன்று கிற்றாரும் இவ்வளவுக்குள்ளாலும் புகுந்து வந்து ஒன்றுசேரும்போது எந்த விரல் எந்தத் தந்தியைத் தொட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அல்பத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கும்போது அது உதவும். இது 1993இல் வந்தது. இங்கிலாந்தின் றெடிங் என்ற ஊர்ப் பிள்ளைகள், இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் அப்போது. பாடுகிற நீல் ஹால்ஸ்டெட்டும் றேச்சல் கோஸ்வெலும் சிறு பராயத்துச் சிநேகிதர்கள், பிறகு காதலித்தவர்கள், இந்தப் பாட்டுகள் உருவாகிற காலத்தில் பிரிந்துபோனார்கள். ஹால்ஸ்டெட் வேல்ஸ் பக்கம் தனியே போயிருந்து எழுதிக்கொண்டு வந்தார். பிரிந்த இரண்டு பேரும் அதே குழுவில் நின்று அதே பாட்டுகளைச் சேர்ந்து பாடினார்கள் என்பதை யோசித்துக்கொண்டு கேளுங்கள், குரல்கள் ஏன் அவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று உங்களுக்கே ஒரு எண்ணம் வரும். பிரையன் ஈனோ என்ற பெரிய இசையாளர் இரண்டு பாட்டுகளில் சேர்ந்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்து ஆங்கில இசைப் பத்திரிகைகள் இந்த அல்பத்தைக் கழுவி ஊற்றின. 1995இல் மூன்றாவது அல்பம் வந்த கையோடு வெளியீட்டு நிறுவனமும் கைவிட்டது, குழு கலைந்தது. 2014இல் திரும்ப மேடை ஏறினார்கள், 2017இல் புது அல்பம் போட்டார்கள், அவர்கள் கலைந்திருந்த காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் முன்வரிசையில் நின்று கேட்டார்கள். இசையைக் கேட்டு எழுதுவதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கே முதல் தடவை பிடிபடவில்லை என்றால், உங்களுக்குப் பிடிபடாததில் ஒரு குறையும் இல்லை.

மொத்தம் பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம். மாங்குளத்தில் பஸ் ஏறினால் கிளிநொச்சியில் இறங்குவதற்குள் அநேகமாக முடிந்துவிடும். யன்னல் பக்கம் இருந்துகொண்டு, இடையில் நிறுத்தாமல், வரிசையை மாற்றாமல் கேளுங்கள். ஏழாவது பாட்டில் வரிகள் அடக்கமாக வந்துகொண்டிருக்கும், பல்லவியில் எல்லாக் கிற்றாரும் ஒரேயடியாகக் கொட்டும். அந்த இடத்துக்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம், முதலிலேயே நடுத்தரமாக வைத்திருந்தால் அது தானாக உயரும். அவ்வளவையும் கடந்து கடைசிப் பாட்டுக்கு வந்தால் அக்கூஸ்ரிக் (மின்சாரம் இல்லாத சாதாரண) கிற்றாரும் குரலும்தான், சொல்லும் காதில் விழும். அந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் சாதாரணமாக இருக்கும், ஒன்பது பாட்டுக்குப் பிறகு கேட்டால் நெஞ்சைப் பிடிக்கும். அல்பத்தை முழுதாகக் கேள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: மகன் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னேரம் ஆனால் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் படுத்துவிடுவான். ஒருநாள் வாங்கிக் கேட்டேன், யாரோ தூரத்தில் அழுகிற மாதிரி இருந்தது. பிள்ளைக்கு ஏதும் மனக்கஷ்டமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது அக்கா. 2009ஐக் கடந்து வந்த வீடுகளில் ஒரு பிள்ளை பேசாமல் கிடந்தால் தாய் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் பாட்டு சோகமாக இருப்பதால் கேட்கிறவனும் சோகத்தில் இருக்கிறான் என்று இல்லை. பரீட்சை முடிந்து, அடுத்தது என்ன என்று தெரியாத இந்த மாதங்களில், தன் மனதில் ஓடுவதற்கு ஒத்த ஒலியைக் கேட்டால் பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கும். அந்த இசையின் வேகமே அப்படி, அவசரப்படுத்தாது, எதையும் கேட்டு நச்சரிக்காது.

நீங்கள் கவனிக்க வேண்டியது பாட்டை அல்ல. ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, இரவில் நித்திரை கொள்கிறானா, சிநேகிதர்கள் கூப்பிட்டால் விளையாடப் போகிறானா என்று பாருங்கள். இதெல்லாம் வழக்கம் போல இருந்தால் அவனை அவன் பாட்டில் விடுங்கள். இவை கிழமைக்கணக்கில் குறைந்துகொண்டே போனால் தள்ளிப்போடாமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதையுங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அதுவரைக்கும் ஒன்று செய்து பாருங்கள். ‘இதென்ன பாட்டு’ என்று கேட்காமல், ‘இதில உனக்குப் பிடிச்சது எது, எனக்கும் ஒருக்காப் போட்டுக் காட்டு’ என்று கேளுங்கள். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை உங்களிடம் தந்துவிட்டு அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பான். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள், ஆனால் பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்ட ஆள் நான். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவன். எங்களுடையது இவ்வளவு இருக்க, வெளிநாட்டுக்காரரின் இந்த மயக்கப் பாட்டு எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, அந்த டைனமோக் காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு உங்களோடு நேரில் இருந்து கதைக்க வேண்டும் போல இருந்தது. ஒருவர் பெடலைச் சுற்ற, கை ஓய்ந்தால் பாடுகிறவரின் குரலும் சோர்ந்து இழுபட, சுற்றி இருந்தவர்கள் மூச்சுக் காட்டாமல் கேட்டார்களே, அந்தக் கவனம்தான் இந்த இசைக்கும் வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை பாட்டை மாற்றுகிற பிள்ளைக்கு நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வது உறைக்கும்.

மயக்கப் பாட்டு என்றீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற உங்களுக்குத் தெரியாததல்ல, கோயிலில் நாதஸ்வரக்காரர் ஆலாபனை தொடங்கினால் அங்கே ஒரு சொல்லும் இல்லை, பின்னால் சுருதி விடாமல் நிற்கும், அதற்கு மேலே ராகம் மெல்ல மெல்ல விரியும். யாரும் எழும்பி ‘என்ன சொல்கிறார்’ என்று கேட்பதில்லை. ஸ்கொட்லாந்தில் ‘கொக்ரோ ட்வின்ஸ்’ என்று ஒரு குழு, அதில் பாடிய எலிசபெத் பிரேசர் பல பாட்டுகளில் பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் ஓசைக்காகவே சொற்களை எடுத்தும் உடைத்தும் பாடியிருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே பாதி விளங்காது, ஆனாலும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிற பழக்கம் எங்களுக்குப் புதிதல்ல, கோயில் வீதியில் இருந்தே வந்தது. ராகமும் தாளமும் வேறு, அதை நான் மறுக்கவில்லை, இசை வளர்ந்த முறையே வேறு. ஆனால் நாற்பது நிமிடம் சொல் பிடிபடாத ஒலியோடு இருக்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு தோடியை மணிக்கணக்கில் இருந்து கேட்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூத்தைப் பற்றி நீங்கள் படுகிற கவலை எனக்கும் உண்டு. அடுத்த தடவை எங்காவது கூத்துப் போட்டால் பேரனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுடைய அல்பத்தை ஒருநாள் நீங்களும் கேளுங்கள்.

கேள்வி: இரவு வயல் காவலுக்குப் போகும்போது பரணில் இருந்து இந்தப் பாட்டுகளைக் கேட்கலாமா? அந்த இருட்டுக்கு நல்லாயிருக்கும்.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: நல்லாயிருக்கும்தான், ஆனால் வேண்டாம். யானை வருகிற சத்தம் உங்களுக்கே தெரியும், ஒரு தடி முறிகிறதும் பயிர் சரசரக்கிறதும்தான் முன்னறிவிப்பு. இந்த இசை அந்த மெல்லிய சத்தத்தை அப்படியே மூடிவிடும். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போனில் சின்னச் சத்தமாகப் போட்டாலும் காது பாட்டில்தான் நிற்கும், யானை வெடியைக் கொளுத்த நேரம் கிடைக்காமல் போகும். காவல் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் படுக்கும்போது கேளுங்கள். ஏ9 வீதியில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது பிக்கப் உள்ள ஒரு அக்கூஸ்ரிக் மட்டும். இந்தக் கனவு மாதிரியான ஒலியை எடுக்க எவ்வளவு செலவாகும்?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: தங்கச்சி, காசைப் பிறகு பார்ப்போம், முதலில் விரலில் தொடங்குங்கள். மெல்லிய தந்திகள் இரண்டிலும் மூன்றாவது பிரெட்டில் (கழுத்தில் உள்ள மூன்றாவது கட்டத்தில்) இரண்டு விரலை ஊன்றி வைத்துக்கொண்டு, அந்த விரல்களை எடுக்காமல் ஜி, இ மைனர், சி, டி என்று மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். கீழே கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மாறும், மேலே அந்த இரண்டு சுரமும் மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இந்த இசையின் பாதி மயக்கம் இப்படி மாறாமல் நிற்கிற சுரத்தில்தான் இருக்கிறது, ஒரு பெடலும் தேவையில்லை. ஓங்கி அடிக்க வேண்டாம், தந்தி தானாக ஓயும்வரை விடப் பழகுங்கள். ஆலயத்தில் யாரும் இல்லாத நேரம் வாசித்தால் அந்த மண்டபமே உங்களுக்கு ரிவேர்ப் தரும்.

அடுத்தது, போனில் கிற்றாரை இணைக்கிற சின்ன அடப்ரர் ஒன்று எடுத்தால், இலவச செயலிகளிலேயே டிலே, ரிவேர்ப், கோரஸ் எல்லாம் இருக்கும். டிலேயை 400 மில்லிசெக்கனில் வைத்து, மூன்று நாலு தடவை திரும்பி வரும்படி விடுங்கள், அப்புறம் அந்த எதிரொலியின் வேகத்துக்குப் பொருந்தி வாசியுங்கள், வேறு வேகத்தில் ஓடினால் எல்லாம் சேறாகிவிடும். ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்ரோஷனை முதலிலும் ரிவேர்பைக் கடைசியிலும் வைப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாக மாற்றி ரிவேர்பை முன்னுக்கு வைத்தால் ஒலி ஒரே சுவராக எழும்பும், அதையும் ஒருதரம் செய்து கேளுங்கள். எந்தப் பெடலும் வாங்குவதற்கு முன் ஒரு ஆறு மாதம் இதோடு இருங்கள். வாங்குவதானால் டிலே ஒன்று போதும். அநேகமான பெடல்கள் 9 வோல்ட்டில் வேலை செய்யும், சிலதுக்கு மின்சாரம் நின்றாலும் சதுரப் பற்றரி போடலாம், ஆனால் டிஜிற்றல் டிலேயும் ரிவேர்ப்பும் பற்றரியைச் சீக்கிரம் குடித்துவிடும்.

கேள்வி: ‘சூவ்லாக்கி’ பிடித்துவிட்டது. அடுத்தது என்ன?
– வாசகர், வவுனியா

பதில்: ‘கொக்ரோ ட்வின்ஸ்’ 1990இல் போட்ட ‘ஹெவன் ஓர் லாஸ் வேகாஸ்’. மேலே சொன்ன எலிசபெத் பிரேசரின் குரல் இதில் முன்னுக்கே நிற்கும், கிற்றார் மினுங்கும், இந்த வகையில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். பிறகு அமெரிக்காவின் ‘மஸி ஸ்ரார்’ 1993இல் போட்ட அல்பம், அது ஆறுதலாக நடக்கும், சொல்லும் விளங்கும். இன்றைய காலத்துக்குக் கிட்டே வர வேண்டும் என்றால் போல்ரிமோரைச் சேர்ந்த இருவர் குழுவான ‘பீச் ஹவுஸ்’, 2010இல் வந்த ‘ரீன் ட்றீம்’. துள்ளல் வேண்டும் என்றால் ரொறொன்ரோவில் இருக்கிற ‘ஓல்வேஸ்’ 2014இல் போட்ட முதல் அல்பம், அதை உங்கள் தங்கச்சிக்கும் கொடுக்கலாம்.

‘மை பிளடி வலன்ரைன்’ குழுவின் ‘லவ்லெஸ்’ 1991இல் வந்தது, பல ஸ்ரூடியோக்கள் மாறி ஏறக்குறைய இரண்டு வருடம் பதிவு செய்தது. அந்தக் குழுவில் கிற்றார் வாசிக்கிற கெவின் ஷீல்ட்ஸ் தந்திகளைத் தட்டும்போதே, சுருதியை ஏற்றி இறக்குகிற ட்ரெமலோக் கம்பியையும் பிடித்து ஆட்டிக்கொண்டு வாசிப்பார், அதனால் முழு அல்பமும் சுருதியிலேயே மிதந்து அசைவது போல இருக்கும். எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், நான் கடைசியாகத்தான் சொல்வேன், காது பழகாமல் போனால் வெறும் இரைச்சலாகத்தான் படும். மற்ற நாலையும் கேட்டு முடித்துவிட்டு, போனில் ஷபிளை நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.