கல்லாவில் பத்தில் ஒன்று

கேள்வி: ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உபவாசக் கூட்டம் ஒன்றில் தீர்மானம் எடுத்து, எட்டு மாதமாகத் தினமும் இரவு கல்லாவை எண்ணி, அதில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகப் பிரித்துக் கொடுத்து வருகிறேன். மாத விற்பனை 2,40,000 ரூபாய். கொள்முதல் 2,10,000. வாடகை 8,000, கரண்ட் 2,000, பையன் சம்பளம் 9,000. வீட்டுச் செலவு 12,000. ஆனாலும் ஆசீர்வாதம் இல்லை. மொத்தக் கடைக்கு 1,80,000 பாக்கி. பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வாடிக்கையாளர்களின் கடன் நோட்டில் 40,000 நிற்கிறது. "தொழிலைத் தடுக்கும் ஒரு கட்டு இருக்கிறது, பல மடங்காகத் திரும்பி வரும் என்று விசுவாசித்து 50,000 விதைப்புக் காணிக்கை வைத்தால் உடையும்" என்கிறார் எங்களுக்காக ஜெபிக்கும் ஊழியர். மனைவி நகையைத் தர மறுக்கிறாள். இது அவிசுவாசம் அல்லவா?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

நீங்கள் எழுதியிருக்கும் கணக்கையே பாருங்கள். விற்பனையில் கொள்முதல் போக 30,000. கடைச் செலவு 19,000 போக 11,000. உங்கள் மாத வருமானம் அவ்வளவுதான். நீங்கள் கொடுத்து வந்ததோ 24,000. அதோடு வீட்டுச் செலவு 12,000. மாதம் 25,000 குறைகிறது. எட்டு மாதத்துக்கு 2,00,000. மொத்தக் கடைப் பாக்கியையும் பையன் சம்பளம் 18,000-ஐயும் கூட்டினால் 1,98,000 வருகிறது. கட்டு எதுவும் இல்லை சகோதரரே. கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பகுதி துவரம்பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நீங்கள் தர வேண்டிய விலை. அது உங்கள் கை வழியாகப் போகும் மொத்தக் கடைக்காரரின் பணம். அடுத்தவர் பணத்தில் எட்டு மாதம் காணிக்கை கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மனதில் வஞ்சகம் இல்லை என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் தசமபாகம் விளைந்த பலனுக்கு உரியது. உபாகமம் 14:22 வயலில் விளையும் பலனைத்தான் சொல்கிறது. உங்கள் வயலில் விளைந்தது 11,000. அதற்குத் தசமபாகம் 1,100.

அந்த ஊழியர் மல்கியா 3:10-ஐக் காட்டியிருப்பார். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்பது தேவனுடைய வாக்கு; அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் மேலே போய் 3:5-ஐ வாசியுங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்கிறார் அதே கர்த்தர். கூலி விடியும்வரைகூட உன்னிடம் இருக்கலாகாது என்பது லேவியராகமம் 19:13. உங்கள் கடைப் பையனுக்கு இரண்டு மாதம் விடிந்துவிட்டது.

கடனில் மூழ்கிய குடும்பத்துக்குத் தேவன் எப்படி உதவினார் என்று பார்க்க வேண்டுமானால் 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். கடன்காரன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். வீட்டில் இருப்பது ஒரு குடம் எண்ணெய். எலிசா தீர்க்கதரிசி அந்த விதவையிடம் 'முதலில் எனக்கு ஒரு குடம்' என்று கேட்கவில்லை. அந்த எண்ணெய் பெருகிப் பாத்திரங்களெல்லாம் நிறைந்த அற்புதத்துக்குப் பிறகும் அவர் சொன்னது இதுதான்: "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்." முதலில் கடன், பிறகு குடும்பத்தின் சாப்பாடு. அடுத்த அதிகாரத்தில் குஷ்டம் நீங்கிய நாகமான் காணிக்கையை வற்புறுத்திக் கொடுத்தும் எலிசா தொடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கியவன் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கட்டு உடைய விலை சொல்லும் எவரும் எலிசாவின் வழியில் நடப்பவர் அல்லர். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. இப்படிப் பேசுகிறவர்களால் எத்தனையோ வீடுகளில் தாலிக்கொடி வரை அடகுக் கடைக்குப் போகிறது. 50,000-க்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலே மாதம் 1,000. ஏற்கெனவே 11,000 வருமானத்தில் 12,000 செலவு செய்யும் வீடு உங்களுடையது.

இனிச் செய்ய வேண்டியது. கடன் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வசூல் செய்யுங்கள். 40,000-ம் ஒரேயடியாக வராது. முதலில் வரும் 18,000 பையனுக்கு. அடுத்து வருவது அப்படியே மொத்தக் கடைக்கு. அவர் ஆள் அனுப்பும்வரை காத்திராமல் நீங்களே நேரில் போய், உங்களால் கட்ட முடிந்த ஒரு தவணை பேசி, புதுச் சரக்கைக் கைக்காசுக்கே எடுங்கள். மெதுவாகப் போகும் சரக்கை நிறுத்துங்கள். பிஸ்கட்டும் மசாலாப் பாக்கெட்டும் தேதி முடிந்து குப்பைக்குப் போனால் பல விற்பனைகளின் லாபம் அதோடு போகும். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசி, சோப்பு, பால் பாக்கெட் எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதுங்கள். இது எழுதப்படாத கடைகளில் லாபம் எங்கே போகிறது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. தராசுக்கு உரிய காலத்தில் முத்திரை போட்டாயிற்றா என்றும் பாருங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பதும் தொழில் ஆசீர்வாதத்தைப் பற்றிய வசனம்தான்.

கணக்கு நோட்டை மனைவியிடம் கொடுங்கள். நகையைப் பற்றி அவர் காட்டிய நிதானம் கடைக்கும் தேவை. இருவரும் சேர்ந்து எழுதி, சேர்ந்து ஜெபியுங்கள்.

காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒருவனிடம் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 8:12). கடன் தீரும்வரை ஞாயிறுதோறும் ஐம்பது ரூபாய் வைத்தாலும் தலைநிமிர்ந்து வையுங்கள். தீர்ந்த பிறகு மாதக் கடைசியில் லாபத்தைக் கணக்கிட்டு அதில் பத்தில் ஒன்றைக் கொடுங்கள். இந்த வாரம் பிரித்து வைத்த உறை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்றால், அதைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள். பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லித் தேவன் பேரில் ஒதுக்கியவர்களை இயேசு எப்படிக் கடிந்தார் என்பது மாற்கு 7:9 முதல் 13 வரை இருக்கிறது.
- ஆசிரியர்