அடகுக் கவுண்டரில் குனிந்த தலை

கேள்வி: டொக்டர், எனக்கு 36 வயது. ஹட்டனில் ஒரு வங்கியில் நகை அடகுப் பிரிவில் வேலை. ஆறு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பின்கழுத்து வலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். இரத்தம், தைராய்ட், பிரஷர், சீனி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். கூட வேலை செய்பவர்களோடு பேச்சில்லை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்குப் போன் எடுத்தே மூன்று கிழமை. எனக்கு என்ன வருத்தம்?

பதில்: தம்பி, பரிசோதனைகளை முதலில் செய்தது நல்ல காரியம். இரத்தசோகையும் தைராய்ட் குறைவும் இதே மாதிரிக் களைப்பைக் காட்டும். அதைப் பார்க்காமல் எல்லாம் மனசுதான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அதெல்லாம் சரியென்றால், வேலை உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இதை 'பேர்ன் அவுட்' என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு விளக்கம் கொடுத்தபோது நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்க முடியாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்றது. சக்தி வடிந்த களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அடையாளம். உங்களிடம் இரண்டாவதுதான் கூடுதலாகத் தெரிகிறது.

உங்கள் கவுண்டரை நினைத்துப் பார்க்கிறேன். தோட்டத்து அம்மா ஒருவர் காதுப்பூவைக் கழற்றிக் கடதாசியில் மடித்துக்கொண்டு வருகிறார். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவாக இருக்கலாம், தீபாவளியாக இருக்கலாம். நீங்கள் உரைத்து, எடை பார்த்து, எழுதி, ரசீதை நீட்டுகிறீர்கள். கண் நகையிலேயே இருக்கும். பிழை விட்டால் பதில் சொல்வது நீங்கள்தானே, வேறு வழியில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவர்களில் உங்கள் அம்மாவின் சாயல் தெரியாமலா இருக்கும்? அதைத் தாங்க முடியாமல்தான் தலையைக் குனிந்தே வைத்திருக்கிறீர்களோ என்று எனக்கு ஓர் எண்ணம். அந்தக் குனிந்த தலை அப்புறம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது.

எனக்கும் இது நடந்தது. மஸ்கெலியா பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். கிளினிக் நாளில் பிரஷர் பார்ப்பேன், மருந்து எழுதுவேன், அடுத்த ஆள். வேலையிலிருந்து நின்ற பிறகும் விரல் நுனியில் கொழுந்துக் கறை போகாத ஓர் அம்மா, இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வந்தவர், ஒரு நாள் கொப்பியை நீட்டிவிட்டு, "ஐயா, சாப்டீங்களா?" என்று கேட்டார். மணி இரண்டரை. நான் சாப்பிட்டிருக்கவில்லை. தொண்டை அடைத்துப்போனது. அவருடைய பெயரைக் கொப்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து பேனாவைத் தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகத்தைப் பார்ப்பேன். அரை நிமிஷம்கூட ஆகாது. வரிசை குறையவில்லை, மாலையில் நான் வீட்டுக்குக் கொண்டுபோன பாரம் குறைந்தது.

கூட வேலை செய்பவர்களோடும் இப்படித்தான் தொடங்கவேண்டும். நம் ஆட்கள் வாயால் 'நன்றி' என்று சொல்வது குறைவு. சாயத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம், சாப்பிட்டாச்சா என்போம். அதுவே போதும், ஆனால் அதைச் செய்யவேண்டும். பத்து மணித் தேத்தண்ணியைக் கவுண்டரிலேயே குடிக்காமல் எழுந்து போய் ஒருவரோடு நின்று குடியுங்கள். யாராவது உதவினால் காரணத்தோடு சொல்லுங்கள்: "நேற்று நீங்க வந்து கை கொடுத்ததாலதான் பஸ்ஸப் புடிச்சேன்."

இதற்கு ஆய்வும் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் சேர்ந்தவர்களிடம், தங்களுக்கு நல்லது செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியவர்களின் மனச்சோர்வு ஒரு மாதம் வரை குறைந்திருந்தது, பிறகு அந்தப் பலன் மங்கிவிட்டது. ஆகவே ஒருமுறை செய்துவிட்டு விடுகிற காரியமில்லை இது. மனித உறவு வலுவாக உள்ளவர்களுக்கு ஆயுளும் கூடுதல் என்று 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும். மூன்று பேரின் வேலையை நீங்கள் ஒருவரே செய்கிறீர்கள் என்றால் அது நன்றி சொல்லித் தீராது. முகாமையாளரிடம் பேசுங்கள், சேர்ந்துகிடக்கும் லீவை எடுங்கள்.

விடியுமுன் விழிப்பு வருவது மனச்சோர்வு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, அல்லது சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் பேசலாம். சிகிச்சையால் குணமாகும்.

அம்மாவுக்கு இன்று இரவே போன் எடுங்கள். மூன்று கிழமைக்கு விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.