வாசகர் வினா – விடை: கடைசி அத்தியாயத்தைத் தைத்து வைத்தவள்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பல, மர்ம நாவல்களைத் தோழியோடோ நண்பனோடோ சேர்ந்து வாசிப்பதைப் பற்றியவை. ஆதலால் ஏனைய வினாக்களை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

வினா: நான் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) என்னோடு வளர்ந்த தோழி, இப்போது கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் தைக்கிறாள். மாதம் ஒரு மர்ம நாவலை இருவரும் ஒரே காலத்தில் வாசித்து, ஞாயிறு இரவுகளில் தொலைபேசியில் அதைப் பற்றிக் கதைப்பதென்று தீபாவளி விடுமுறையில் முடிவு செய்தோம். அவளோ இரண்டே இரவுகளில் நூலை முடித்துவிட்டு, “நீ அந்த டொக்டரைச் சந்தேகிக்கவில்லையா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. என்ன செய்வது?
— வாசகி, டிக்கோயா

விடை: வாசிக்கும் வேகத்தை எவராலும் கட்டுப்படுத்த இயலாது. நிறுத்தும் இடத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம். முற்காலத்து வாசகருக்கு அந்த வேலையைப் பத்திரிகைகளே செய்து கொடுத்தன. பாஸ்கர்வில் வேட்டைநாயின் கதையை ஆர்தர் கொனன் டொயில் இலண்டனின் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் 1901 ஓகஸ்ட் முதல் 1902 ஏப்ரல் வரை தொடராக எழுதியபோது, அவசரக்காரரும் ஆறுதலாக வாசிப்பவரும் ஒவ்வொரு மாதமும் ஒரே வரியில்தான் நின்றார்கள். அடுத்த இதழ் வரும்வரை அவர்களுக்குச் செய்ய இருந்ததெல்லாம் பேசுவது மட்டுமே.

எங்கள் தலைமுறைக்கும் அந்தப் பேறு வாய்த்தது. என் தோழியின் அண்ணன் ஹட்டன் நகரில் ஒரு கடையில் வேலை செய்தார்; சென்னையிலிருந்து வரும் வார இதழ் கடைக்காரர் வாசித்து முடித்த பிறகு, ஒரு வாரம் பிந்தி எங்கள் கைக்கு வந்து சேரும். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, நாங்கள் தொடர்ந்து வாசித்துவந்த கதை, பூட்டிய வீட்டின் கதவை ஒருவன் தட்டிக்கொண்டிருந்த இடத்தோடு நின்றுபோயிற்று. அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்திருப்பார் என்று இரண்டு ஆண்டுகள் வாதாடினோம். ஒரு கொப்பி நிறைய எழுதியும் வைத்தோம். நெடுங்காலம் கழித்து அக்கதை நூலாகக் கிடைத்தபோது பார்த்தால், கதவுக்குப் பின்னால் ஒருவருமே இல்லை. எங்கள் கொப்பியில் இருந்தவை அதைவிட நல்ல முடிவுகள் என்று இன்றும் எண்ணுகிறேன்.

ஆகவே நீங்களும் நூலை வாங்கியவுடன் நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வகை நாவல்களுக்கு மூன்று போதும். குற்றம் நடந்து, சந்தேகத்துக்குரியோர் பெரும்பாலும் அறிமுகமாகிவிடும் இடம் முதலாவது. அது பொதுவாக நூலின் கால்பங்கில் வந்துவிடும். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டுமென்பது, பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நொக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளுள் முதலாவது. ஆதலால் முதல் நிறுத்தத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளும் பெயர்ப் பட்டியலுக்குள் கொலைகாரரும் இருக்க வேண்டும். (முன்னறிவிப்பின்றி இரட்டையரைக் கொண்டுவரலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று, நம் திரைப்படக்காரருக்கு அதை எவரும் அறிவிக்கவில்லை போலும்.) இரண்டாவது நிறுத்தத்தை நடுப்பகுதியில் எங்கேனும் வைத்துக்கொள்ளலாம். துப்பறிபவர் எல்லாரையும் ஓர் அறைக்குள் அழைப்பதற்கு முந்திய பக்கமே மூன்றாவது, அதுவே முக்கியமானது. எலரி குயீன் என்ற பெயரில் எழுதியவர்கள் தம் தொடக்ககால நாவல்களில் அந்த இடத்தில் தாமே கதையை நிறுத்தி, “தடயங்கள் அனைத்தும் இப்போது உங்கள் கையில்” என்ற பொருள்பட வாசகருக்குச் சவால் விடுவதுண்டு.

நிறுத்தத்தில் கதைக்கும்போது பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஓயாதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். “அந்த டொக்டர்” என்பதில் சுவையில்லை. “மணி எட்டரைக்குத் தந்தி வந்தது என்கிறார், ஆனால் தபாலகம் ஐந்துக்கே மூடிவிடும் என்று முன்னொரு பக்கத்தில் வருகிறதே” என்பதில்தான் சேர்ந்து வாசிப்பதன் ருசி இருக்கிறது. நீங்கள் ஆசிரியை, ஆள்களின் பேச்சில் பொய் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் முழுவதும் அளவு பார்த்துத் தைப்பவளின் கண், உடுப்பில் ஒரு பொத்தான் மாறியிருப்பதை உங்களுக்கு முன்னரே பிடித்துவிடும். ஊகத்தைத் திகதியிட்டு எழுதி வைப்பதும் நல்லது. இல்லாவிடில் முடிவு தெரிந்த பிறகு இருவருமே “நான் அப்போதே சொன்னேன்” என்பீர்கள்.

கடைசி அத்தியாயத்தைக் காப்பது எப்படி? நியூயோர்க்கின் ஹார்ப்பர் பதிப்பகம் 1929இல் சில மர்ம நாவல்களின் இறுதிப் பகுதியைத் தாளால் மூடி முத்திரையிட்டு விற்றது. முத்திரை உடையாமல் நூலைத் திருப்பிக் கொடுப்பவருக்குப் பணம் மீளக் கிடைக்கும். என் தோழி அதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. இருந்தும், எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரே பிரதியை என்னிடம் அனுப்பும்போது, கடைசி அத்தியாயத்தின் தாள்களைச் சிவப்பு நூலால் விளிம்போடு தைத்துத்தான் அனுப்புவாள். பிரித்துவிட்டு அதே தையலைத் திரும்பப் போட எனக்குத் தெரியாதென்பதை அவள் அறிந்திருந்தாள். தைப்பதற்கு முன் தான் அதை வாசித்தாளா என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. உங்கள் தோழிக்குத் தையல் கைத்தொழில். மாதம்தோறும் இரண்டு பிரதிகளையும் அவளே தைக்கட்டும், ஒன்றை உங்களுக்குத் தபாலில் அனுப்பட்டும்.

வினா: நானும் நண்பனும் விறுவிறுப்பான திகில் நாவல்களை மட்டுமே வாசிப்பவர்கள். எந்த அத்தியாயத்திலும் நிறுத்த முடிவதில்லை. நிறுத்தினாலும் கதைப்பதற்கு ஒன்றுமில்லை. ஏன்?
— வாசகர், பண்டாரவளை

விடை: ஏனெனில் அவை வேறு வகையான கதைகள். திரைப்பட இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் இதை ஓர் உதாரணத்தால் விளக்கினார். மேசையின் கீழே குண்டு இருக்கிறது. மேலே இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குண்டு இருப்பது நமக்குத் தெரியாவிட்டால், அது வெடிக்கும்போது பதினைந்து விநாடி திடுக்கிடுவோம். தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடம் பதறுவோம். மர்மக் கதை தடயத்தைத் தந்துவிட்டு விடையை ஒளிக்கிறது. திகில் கதை குண்டைக் காட்டிவிட்டு நம்மை ஓட வைக்கிறது. ஓடுபவனை வழியில் மறித்துக் கருத்துக் கேட்பது முறையல்ல. நானுஓயாவிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் போகும் ஒரு பகற்பொழுதுக்குள் ஆளுக்கொரு பிரதியாக முடித்துவிட்டு, பிறகு பேசுங்கள். அப்போதும் “யார்” என்ற வினா உதவாது, “அந்த நிலையில் நீ பொலிஸிடம் போயிருப்பாயா?” என்று கேட்டுப் பாருங்கள். நண்பனைப் பற்றி இதுவரை தெரியாத ஏதேனும் வெளிவரும்.

வினா: என் கணவர் முடிவைச் சொல்லிவிட்டார். அந்த நூலை இனி வாசிப்பதில் பயனுண்டா?
— வாசகி, நுவரெலியா

விடை: உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே அறிந்து சிறுகதைகளை வாசித்தவர்கள், அறியாது வாசித்தவர்களைவிடச் சற்று அதிகமாகவே அவற்றை ரசித்ததாகத் தெரியவந்தது; அக்கதைகளுள் மர்மக் கதைகளும் இருந்தன. எனினும் அவர்கள் தனித்திருந்து வாசித்தவர்கள். இருவராக வாசிக்கையில், ஒருவருக்கு விடை தெரிந்த கணமே மற்றவர் பரீட்சை எழுதும் பிள்ளையாகிவிடுகிறார். அகதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட, ரோஜர் அக்ரொய்ட் கொலையுண்ட கதையின் முடிவு நேர்மையானதுதானா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் சொல்ல மாட்டேன். உங்கள் கணவருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வினா: நான் ஆங்கிலத்தில் வாசிக்கிறேன், என் தோழி அதே நாவலைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசிக்கிறாள். அவள் எப்போதும் எனக்கு முந்தியே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரியா?
— வாசகி, பதுளை

விடை: இருக்கலாம், ஆனால் தமிழும் அவளுக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் கொலைகாரர் “வந்தார்” என்பதற்கான வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது. தமிழில் வந்தான், வந்தாள் என்று எழுதிய மாத்திரத்தில் சந்தேகப் பட்டியலில் பாதிப்பேர் விடுதலையாகிவிடுகிறார்கள். இதற்காகவே நம் எழுத்தாளர்கள் “அந்த உருவம் நகர்ந்தது” என்று கொலைகாரரை அஃறிணையாக்குகிறார்கள். உருவம் என்ற சொல் வந்தாலே, ஆசிரியர் எதையோ ஒளிக்கிறார் என்று பழகிய வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இதனினும் நுட்பமானது மரியாதை விகுதி. டொக்டரையும் சட்டத்தரணியையும் “அவர்” என்றும், தோட்டக்காரனையும் சாரதியையும் “அவன்” என்றும் எழுதிவரும் மொழிபெயர்ப்பாளர், முடிவை அறிந்தவராதலால், கண்ணியமான ஒரு பாத்திரத்தை எங்கேனும் ஓரிடத்தில் கைதவறி “அவன்” என்று எழுதிவிட்டால், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அவளுடைய பிரதியில் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

உறவுமுறையும் அவ்வாறே. ஆங்கிலத்தின் “கசின்” என்ற ஒரு சொல்லைத் தமிழில் அண்ணன், தங்கை, மச்சான், மச்சாள் என்று பிரித்தாக வேண்டும். மச்சாள் என்று எழுதினால் மணமுடிக்கத்தக்க முறை. காதல் கொலைக்கான காரணமாக உள்ளே வந்துவிடும். “அங்கிள்” என்பவர் சித்தப்பாவானால் பரம்பரைச் சொத்தில் அவருக்கும் பங்கிருக்கும் என்று தோன்றும். மாமாவானால் அச்சந்தேகம் தணிந்துவிடும். ஆங்கில ஆசிரியர் சொல்லாமல் விட்டதையெல்லாம் தமிழ் சொல்லிவிடுகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிய காலந்தொட்டு, நம்மவர் கதையைச் சுருக்கவும் கூட்டவும் தயங்கியதில்லை. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது, ஒன்றுக்கும் உதவாததுபோல் தோன்றும் வருணனை. தடயம் பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அடுத்த முறை இருவரும் பிரதிகளை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கெட்டிக்காரத்தனமும் கூடிவிடும்.

வினா: சாதாரணதரப் பரீட்சை எழுதவிருக்கும் மகள், பக்கத்துக் காம்பரா (லய அறை) மகளோடு சேர்ந்து கொலைக் கதைகளாக வாசிக்கிறாள். தடுப்பதா?
— ஒரு தாய், தலவாக்கலை

விடை: தடுக்க வேண்டாம், அளவைக் குறையுங்கள். ஷெர்லொக் ஹோம்ஸ் பற்றி நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளும் உள்ளன. ஒரு மாலைக்கு ஒரு சிறுகதை என்று வைத்தால், விளக்கணைக்கும் முன் முடிந்துவிடும்; பாதியில் நின்ற கதை கணிதப் பாடத்தின் நடுவே வந்து தொல்லை தராது. அல்லது தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு கதைகளைக் கொடுங்கள். குற்றவாளியைப் பிடிப்பவர் பெரும்பாலும் தற்செயலாகத்தான் பிடிக்கிறார் என்பதால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படுக்கப் போவார்கள்.

வினா: பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்துவரும் நாங்கள் இருவரும், மலையகத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டு ஒரு மர்ம நாவல் எழுத விரும்புகிறோம். இரண்டு பேர் ஒரு கதையை எழுத முடியுமா?
— இரு நண்பர்கள், மஸ்கெலியா

விடை: மேலே சொன்ன எலரி குயீன், பிரெட்ரிக் டனே, மன்பிரட் லீ என்ற உறவினர் இருவரின் புனைபெயர். தமிழ் வாசகர் நன்கறிந்த சுபாவும் சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்களே. களத்தைப் பற்றியும் தயங்க வேண்டாம். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் அசன்பேயின் கதையை 1885இல் வெளியிட்ட சித்திலெப்பை கண்டியில் வாழ்ந்தவர். குழந்தையிலேயே கடத்தப்பட்ட ஒருவனின் கதை அது.

ஆனால் ஒன்றை முதலிலேயே கைவிடுங்கள்: பூட்டிய அறைக்குள் நடக்கும் கொலை. எட்கர் அலன் போ 1841இல் தொடக்கிவைத்த அந்த மரபு, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் செல்லுபடியாகாது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கசாயம் கொதிக்கும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) செருப்பைக் கழற்றும் ஓசையிலிருந்தே வந்தவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். அங்கே ஒரு இரகசியம் இருந்தால், அது எல்லாருக்கும் தெரிந்து எவரும் வாய்திறவாத இரகசியமாகத்தான் இருக்கும். துப்பறிய வருபவருக்கு அதைவிடக் கடினமான பூட்டு வேறில்லை.

நல்ல தடயமும் நம்மிடமே இருக்கிறது. காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் அன்றைக்கு ஒருத்திக்குப் பேர் விழுந்திருக்கிறது, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மாலையில் கொழுந்து மடுவத்தில் அவள் பெயரில் எடைபோட்ட கணக்கும் சரியாக இருக்கிறது. ஆனால் பகலில் அவள் மலையில் இல்லை. அப்படியானால் அந்தக் கொழுந்தைப் பறித்தவர் யார்? இதை நான் எழுதமாட்டேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் இந்த முகவரிக்கே அனுப்பிவையுங்கள். கடைசி அத்தியாயம் மட்டும் தனி உறையில், ஒட்டப்பட்டு வரட்டும்.