படுத்த படுக்கையாக இருந்த இந்தோனேசியத் தளபதி ஜெனரல் சுதிர்மான், டச்சுப் படைக்கு எதிரான விடுதலைப் போரை எப்படி நடத்தினார்?

அவர் நடத்தியது கெரில்லாப் போர். நேருக்கு நேர் நிற்காமல், திடீரென அடித்துவிட்டு மறைந்துவிடுவது. இருட்டு அறையில் கொசு நம்மைப் படுத்துகிற மாதிரிதான்: பலம் நம்மிடம், தூக்கம் போவதும் நமக்கே.

1948 டிசம்பர் 19 அன்று டச்சுப் படை இந்தோனேசியக் குடியரசின் அப்போதைய தலைநகர் யோக்யகர்த்தாவைப் பிடித்து, அதிபர் சுகர்னோவைக் கைது செய்தது. காசநோயால் ஒரு நுரையீரல் செயலிழந்திருந்த சுதிர்மான் சரணடையவில்லை. ஆட்கள் பல்லக்கில் சுமக்க, ஜாவாவின் மலைக்காடுகளில் சுமார் ஏழு மாதம் அலைந்தார். தளபதி பிடிபடாதவரை இந்தோனேசியக் குடியரசு முடிந்துவிட்டது என்று டச்சுக்காரர்களால் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அவர் முன்பு பள்ளி ஆசிரியர்! 1950 ஜனவரியில், 34 வயதில் இறந்தார்.

சரி, டச்சு ஆட்சியை விரட்டியது துப்பாக்கி மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஐ.நா.வும் அமெரிக்காவும் கொடுத்த நெருக்கடிக்கும் அதில் பெரிய பங்குண்டு.