பேசில்லஸ் போட்டும் அமோனியா ஏன் இறங்கவில்லை?

கேள்வி: ஒரு ஏக்கர் குட்டையில் வனாமி இறால், இன்று 55-ஆம் நாள். தினமும் 60 கிலோ தீவனம் போகிறது. பத்து நாளாக அமோனியா இறங்கவே இல்லை. நடுக்குட்டையில் சேறு கறுத்து, அழுகின முட்டை போல நாறுகிறது. பேசில்லஸ், நைட்ரோசோமோனாஸ் கலந்த பவுடரை மூன்று முறை போட்டேன். இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவுக்குப் பயந்து இடையில் பி.கே.சி. என்ற கிருமிநாசினியும் ஊற்றினேன். இரண்டு நாளாக இறாலின் வெள்ளைக் கழிச்சல் மிதக்கிறது. டீலர் வேறு கம்பெனி பவுடரை இரட்டிப்பாகப் போடச் சொல்கிறார். எந்த பாக்டீரியா நல்லது, ஏக்கருக்கு எத்தனை கிலோ?

பதில்: கிலோ கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த இரட்டிப்பு அளவை நிறுத்துங்கள்.

பேசில்லஸ் நல்ல பாக்டீரியாதான். அது வித்தாக உறங்கும் இனம் என்பதால் பவுடரிலும் உயிரோடு இருக்கும். மிச்சத் தீவனத்தையும் கழிவையும் தின்று சேற்றைக் குறைக்கும். ஆனால் புரதத்தைத் தின்னும்போது அதுவே அமோனியாவை வெளியே விடுகிறது. கூடவே மொலாசஸ் மாதிரி சர்க்கரைச் சத்து இருந்தால்தான் அந்த அமோனியாவைத் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வெறும் பவுடரைப் போட்டுவிட்டு அமோனியா இறங்கும் என்று காத்திருந்தால் இறங்காது.

அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது நைட்ரோசோமோனாஸ். அதை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபேக்டர் போன்றவை. இவை வித்து உண்டாக்காதவை, உலர்ந்தால் செத்துப்போகும். ஆகவே காய்ந்த பவுடர் பாக்கெட்டில் நைட்ரோசோமோனாஸ் என்று அச்சடித்திருந்தால் நான் அதை நம்புவதில்லை. விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தயாரிக்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு 20 லிட்டர் வாளிகளில் குட்டைத் தண்ணீர் எடுத்து, வெளிச்சம் படாமல் மூடி, இரண்டிலும் காற்றுக் கல் ஓட விடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை பவுடர். ஏழு நாள் தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் அளந்து எழுதுங்கள். குட்டைக்குப் போடும் அளவோடு ஒப்பிட்டால் அந்தச் சிட்டிகை பல மடங்கு அதிகம். அதிலேயே இரண்டு வாளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் குட்டையில் எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இவ்வளவு அமோனியா எங்கிருந்து வருகிறது என்பது. உங்கள் தீவனத்தில் 35 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோவில் புரதம் 21 கிலோ, அதில் நைட்ரஜன் சுமார் 3.4 கிலோ. இறால் உடம்பில் தங்குவது ஏறக்குறைய கால் பங்கு. மீதி 2.5 கிலோ தினமும் குட்டையில்தான் விழுகிறது. அதை முழுக்க நைட்ரேட்டாக்க, ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 4.57 கிலோ வீதம், 11 கிலோவுக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும். காரத்தன்மையில் 18 கிலோ சுண்ணாம்புக் கார்பனேட்டுக்குச் சமமான அளவும் கரையும். இறால் மூச்சு விடுவது தனி, சேறு இழுப்பது தனி. எந்தக் கம்பெனி பாக்டீரியாவாக இருந்தாலும் மூச்சு விடக் காற்று வேண்டும். கடிதத்தில் அமோனியா பற்றி எழுதியிருக்கிறீர்கள், விடியற்காலை அடிமட்ட ஆக்ஸிஜன் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

அதனால் இன்றே தீவனத்தைப் பாதியாக்குங்கள். ஏரேட்டர் அத்தனையும் இரவு முழுக்க ஓடட்டும். காலை 4 மணிக்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆக்ஸிஜன் அளந்து பாருங்கள், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது. கறுத்த சேற்றைக் கலக்காமல் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். காரத்தன்மை குறைந்திருந்தால் சமையல் சோடா போதும். சுட்ட சுண்ணாம்பு இப்போது வேண்டாம், அது பி.எச். அளவை ஏற்றிவிடும். பி.எச். 8-லிருந்து 9-க்கு ஏறினால் மொத்த அமோனியாவில் விஷமான பங்கு சுமார் 6 சதவீதத்திலிருந்து 40-க்குத் தாவும். மொலாசஸும் ஆக்ஸிஜனைப் பார்க்காமல் போடக்கூடாது. போட்ட இரவே இறால் மேலே வந்து தவிக்கும்.

பி.கே.சி. பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், அது தவறு. காசு கொடுத்துப் போட்ட பாக்டீரியாவையும் பாசியையும் சேர்த்தே கொன்றிருக்கிறீர்கள். செத்த பாசி அடியில் போய் உணவாகிறது. காலியான தண்ணீரில் முதலில் பெருகுவது வேகமாக வளரும் விப்ரியோதான். விப்ரியோவை அடக்க பேசில்லஸ் உதவும். இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடும், சில இனங்கள் விப்ரியோ கூட்டமாகச் செயல்பட அனுப்பும் ரசாயன சைகையையும் உடைக்கும். ஆனால் அதைத் தண்ணீரில் கொட்டுவதைவிடத் தீவனத்தில் பிசறிக் கொடுங்கள், குடலுக்கு நேராகப் போகும். அளவு பாக்கெட்டில் சொன்னதே போதும். ஒரு கிராமில் எத்தனை உயிரணு, எந்த இனம், காலாவதி எப்போது என்று அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

கடைசியாக வெள்ளைக் கழிச்சல். இதற்கு விப்ரியோ மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இ.எச்.பி. என்னும் நுண்ணொட்டுண்ணி இருந்தாலும் இப்படித்தான் தெரியும், அதை எந்த பாக்டீரியாப் பவுடரும் போக்காது. பத்து இறாலை எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். ஆன்டிபயாடிக் பக்கம் போகவே வேண்டாம். சோதனையில் இ.எச்.பி. அதிகம் என்று வந்து, வளர்ச்சியும் நின்றிருந்தால், கிடைக்கிற அளவிலேயே பிடித்துவிட்டுக் குட்டையைக் காயப்போடுவது பற்றிப் பேசலாம். முடிவோடு நான்கு நாள் விடியற்காலை ஆக்ஸிஜன் அளவையும் சேர்த்து எழுதுங்கள்.